வளைகுடா இருமல்: தூசி மேல் பழி போடுவதற்கு முன்னால்

துபாய், தோகா, குவைத், ரியாத் என்று எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் இருமினால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் இந்தத் தூசிதான், போகப் போகப் பழகிடும்." பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் இருமல் சிரப்புமாகக் காலத்தை ஓட்டுகிறார்கள். இங்கே வரும் தும்மலுக்கும் இருமலுக்கும் வீசிங்குக்கும் நாலைந்து வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குத் துளியும் கேட்காது. அதனால் மருந்துக் கடைக்குப் போகும் முன் உங்களுடையது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். டாக்டரிடம் போனாலும் அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். பாதி வேலையை நீங்கள் முடித்துக்கொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் உருப்படியாகும்.

முதலில் ஊரைப் பாருங்கள். பாலைவனம் என்றால் வறட்சி என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். ரியாத், அல் ஐன் மாதிரி உள்நாட்டு ஊர்களுக்கு அது பெரும்பாலும் சரி. கோடைப் பகலில் மூக்குக்குள் தோல் வெடிக்கிற அளவுக்குக் காற்று காய்ந்து கிடக்கும். ஆனால் துபாய், தோகா, தம்மாம், மனாமா எல்லாம் கடலோரம். ஆகஸ்ட் இரவில் வெளியே வந்தால் கண்ணாடியில் நீராவி படியும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் காற்றிலிருந்துதான் ஈரத்தை எடுத்துக்கொள்கின்றன, ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவற்றால் பிழைக்க முடியாது. ஆக, அதே மெத்தை ரியாத்தில் தொல்லை தராமலும் ஷார்ஜாவில் தொல்லை தந்தும் இருக்கலாம். இதில் ஒரு விதிவிலக்கு: வறண்ட ஊர்களில் சிலர் வைத்திருக்கும் தண்ணீர் ஊற்றும் கூலர். அது அறைக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து, இல்லாத பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இடம் கொடுத்துவிடும்.

அடுத்தது காற்று. ஈராக், சிரியா பக்கமிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வீசி வரும் ஷமால் காற்றுதான் இங்கே பெரிய தூசியைக் கொண்டுவருவது. ஜூன், ஜூலையில் உச்சம், சில சமயம் நாள்கணக்கில் விடாது. இதில் மணல் வேறு, தூசி வேறு. மணல் ரவை மாதிரி: கண்ணில் விழும், பல்லில் நறநறக்கும், மூக்கோடு நின்றுவிடும், சீக்கிரம் தரையிலும் விழுந்துவிடும். நுண்தூசி மைதா மாதிரி, காற்று நின்ற பிறகும் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகும், 2.5-க்குக் கீழே உள்ளது நுரையீரலின் அடிவரை போகும். எனவே மணற்காற்று ஓய்ந்து வானம் லேசாக மஞ்சளாக இருக்கும் மறுநாளும் பாதுகாப்பான நாள் இல்லை. "நேத்து அடிச்ச காத்துல ஒண்ணும் ஆகல, இன்னைக்குத்தான் இழுக்குது" என்று ஆஸ்துமாக்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

தூசி மூச்சுப்பாதையை உரசி எரிச்சல் உண்டாக்குவது யாருக்கும் நடக்கும். அதற்கு அலர்ஜி இருக்க வேண்டும் என்பதில்லை. கண் எரியும், தொண்டை காயும், இருமல் வரும், காற்று தணிந்து ஓரிரு நாளில் அடங்கும். இதற்கு அலர்ஜி மாத்திரை போட்டுப் பெரிய பயன் இல்லை. அலர்ஜியின் அடையாளம் அரிப்பு. மூக்குக்குள், கண் ஓரத்தில், மேல் அண்ணத்தில் நமநமவென்று அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, தண்ணீர் மாதிரி ஒழுகினால் அது அலர்ஜிக் கணக்கு. காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலியோடு வந்து ஒரு வாரம், பத்து நாளில் போனால் சாதாரண சளிக்காய்ச்சல்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளியே 45 டிகிரி, பஸ்ஸில் 18 டிகிரி, ஆபீஸில் 20 டிகிரி. உள்ளே நுழைந்ததும் நாலு தும்மல், மூக்கொழுகல், அரைமணியில் சரி. அரிப்பு கிடையாது. திடீர்க் குளிருக்கு மூக்கு காட்டுகிற எதிர்வினை அது. செட்ரிசின் இதற்கு அவ்வளவாகக் கேட்காது. ஏசியை 24-க்கு ஏற்றுவதும், காற்று முகத்தில் அடிக்காமல் இருக்கையை மாற்றிக்கொள்வதும்தான் கேட்கும் (ஆபீஸில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது வேறு அரசியல்).

மகரந்தம், இந்த ஊரிலா?

ஆமாம், இந்த ஊரில்தான். பாலைவனத்தைப் பசுமையாக்க நட்ட மரங்களில் ஒன்று நம் ஊர்க் கண்மாய்களையெல்லாம் விழுங்கிய அதே சீமைக்கருவேலம். வளைகுடாவில் மகரந்த அலர்ஜிக்கான தோல் பரிசோதனைகளில் அடிக்கடி பாசிட்டிவ் வருகிற மரம் அது. அமீரகத்தின் தேசிய மரமான காஃப் வேறு யாருமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி. சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. வில்லா வாசல்களிலும் பூங்காக்களிலும் விரித்திருக்கும் புல்தரைகளில் பல நம் அருகம்புல், வெட்டுகிற நாளில் பக்கத்தில் நின்றால் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் பேரீச்சை. செப்டம்பர், அக்டோபரில் உப்பு மண்ணில் புதர்புதராக வளரும், நம் கடற்கரை உமரிக்கு உறவான செடிகள் காற்றில் மகரந்தத்தை அள்ளிவிடும். கோடையில் நன்றாக இருந்து, "வெயில் குறைஞ்சு நல்லா இருக்கு" என்று எல்லோரும் சொல்கிற செப்டம்பர் கடைசியில் உங்களுக்கு மட்டும் இழுக்க ஆரம்பித்தால் இந்தச் செடிகளைச் சந்தேகப்படுங்கள்.

முதல் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பரில் ஈரானின் அஹ்வாஸ் நகரத்தில் இடியோடு பருவத்தின் முதல் மழை பெய்ததும் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இடிமழைக் காற்றில் மகரந்தம் ஈரம் பட்டு உடைந்து பொடியாகி, வழக்கமாக மூக்கோடு நிற்க வேண்டியது நுரையீரல்வரை போய்விடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் நமக்கு மழை என்றால் மொட்டைமாடிக்கு ஓடத்தான் தோன்றும். மகரந்த அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருந்தால் இடிக்கு முன் வீசும் அந்தக் காற்றில் மட்டும் நிற்காதீர்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ரூமுக்குள் இருக்கிறது பாதி

நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நீங்கள் இருப்பது அறைக்குள். ஸ்பிளிட் ஏசியின் முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு வலைகள் இருக்கும், சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி ஒட்டியிருந்தால் அதன் வழியாக வந்த காற்றைத்தான் இரவெல்லாம் மூச்சில் இழுத்திருக்கிறீர்கள். உள்ளேயே தட்டாதீர்கள், மெதுவாக உருவி, குளியலறைக்குக் கொண்டுபோய், பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஷமால் மாதங்களில் வாரம் ஒரு முறை. அப்புறம் போன் டார்ச்சை அடித்து, காற்று வெளியே வரும் பிளவுக்குள் உருளை மாதிரி சுற்றும் பாகத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அது வலையைக் கழுவினால் போகாது, ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். ஏசி போட்ட முதல் ஐந்து நிமிடத்தில் புழுக்க வாடையும் இருமலும் சேர்ந்து வருகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஒரே அறையில் பலர் ஆளுக்கொரு கட்டில் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸ் அறைகளில் கரப்பான் பெரிய விஷயம். அதன் எச்சமும் உடல் துகளும் ஆஸ்துமாவைக் கிளறும், பூச்சி செத்த பிறகும் மாதக்கணக்கில் அந்தத் துகள் அறையில் கிடக்கும். ஸ்பிரே அடித்தால் அந்த வாடையே ஆஸ்துமாக்காரரை இழுக்க வைத்துவிடும். ஜெல் வடிவில் வரும் மருந்தை இடுக்குகளில் புள்ளி வைப்பது மேல். சாம்பிராணி, ஊதுபத்தி, அரபு வீடுகளில் போடும் பகூர் வாசனைப் புகை, கொசுவத்தி எல்லாமே புகைதான், பக்தியோ மணமோ நுரையீரலுக்குத் தெரியாது. சிகரெட்டும் ஷீஷாவும் (ஹூக்கா) தனியாகச் சொல்லவே வேண்டாம், ஆனால் பால்கனியில் நின்று பிடிப்பவர்களின் புகை ஜன்னல் வழியாக உள்ளேதான் வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை, 60 டிகிரி சுடுநீரில். மெத்தையையும் தலையணையையும் தூசிப்பூச்சி புகாத ஜிப் உறைக்குள் போட்டுவிட்டால் கடலோர ஊர்க்காரர்களுக்குப் பலன் கிடைக்கலாம். பெருக்குமாறு வேண்டாம், ஈரத்துணி போதும்.

எது என்று கண்டுபிடிப்பது

போனில் ஒரு நோட்டைத் திறந்து மூன்று, நான்கு வாரம் இதை மட்டும் எழுதுங்கள்: எப்போது வந்தது, எங்கே இருந்தேன், அரிப்பு இருந்ததா, சளியின் நிறம் என்ன, ராத்திரி எழுப்பியதா, என்ன போட்டதும் குறைந்தது. பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை ரூமிலேயே இருக்கும்போது அதிகமாகிறதா, சைட்டில் இருக்கும்போதா, ஊருக்கு லீவில் போனால் ஒரு வாரத்தில் மறைந்து திரும்பி வந்ததும் வருகிறதா? கடைசிக் கேள்வி டாக்டருக்கு ரொம்ப உதவும்.

இரவு இரண்டு மணிக்கு மேல் எழுப்புகிற வறட்டு இருமல், படி ஏறினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் வரும் இருமல், நெஞ்சு இறுக்கம், இவை ஆஸ்துமாவாக இருக்கலாம். விசில் சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமா என்று நினைக்க வேண்டாம், சிலருக்கு இருமல் மட்டும்தான் இருக்கும். இதை உறுதிப்படுத்த குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை இருக்கிறது, ஒரு முறை ஊதி, பஃப் (வாயால் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து) எடுத்து, மறுபடி ஊதி ஒப்பிடுவார்கள். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்று ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மட்டும் எழுதித் தருகிற இடத்தில் நீங்களே வாய்விட்டு இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே செட்ரிசின் மாதிரி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாமல் போனால் பணம்தான் வீண்.

அப்புறம், தூசிக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமில்லாத இருமல்கள். பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிகிற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே வறட்டு இருமலைக் கொண்டுவரும், ஆரம்பித்துச் சில மாதம் கழித்துக்கூட. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். சாப்பிட்டதும் படுக்கிறவர்களுக்கு, நைட் டியூட்டி முடித்துப் பரோட்டாவோடு படுக்கிறவர்களுக்கு, அமிலம் ஏறி இருமல் வரும். கிரானைட், டைல், சமையலறை மேடைக்கான செயற்கைக் கல் அறுக்கிற வேலையில் இருந்தால் அது வேறு விஷயம்: கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் வடு உண்டாக்கும், அந்த வடு திரும்பாது. தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, சரியான மாஸ்க் தருகிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒட்டகத்தோடு வேலை செய்தவர், பச்சை ஒட்டகப்பால் குடித்தவர் காய்ச்சலும் இருமலுமாகப் போனால் அதை முதல் வரியிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2012-இல் சவூதியில் முதலில் கண்டறிந்த, நுரையீரலைத் தாக்கும் மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வரக்கூடியது.

காசநோயைப் பற்றிப் பேசாமல் முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, சளியில் ரத்தம்: இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். விசா மெடிக்கலில் எக்ஸ்ரே எடுப்பார்களே என்ற பயத்தில் மறைக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆறு பேர் படுக்கும் அறையில் மறைத்தால் மீதி ஐந்து பேருக்கும் போகும். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம், ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிற நோய் இது.

மருந்து, அதை எடுக்கிற விதம்

மூக்கு அலர்ஜிக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் வரும், இந்த வறட்சியில் சீக்கிரமே வரும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை மூன்று, நான்கு நாளுக்கு மேல் போடாதீர்கள், அப்புறம் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். மாத்திரைகளில் தூக்கம் தருவது, தராதது என்று இருக்கிறது. டிரைவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் தூக்கம் தரும் அவிலைத் தொடவே வேண்டாம், செட்ரிசினும் சிலரைச் சாய்த்துவிடும். ஃபெக்சோஃபெனடின் அல்லது லோராடடின் கேளுங்கள்.

உப்புநீரால் மூக்கு கழுவுவது தூசி நாளில் அருமையான வேலை. ஆனால் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். மொட்டைமாடி டேங்கில் வெந்நீராகக் கிடக்கும் தண்ணீரை மூக்கில் விடுவது ஆபத்து. வெதுவெதுப்பில் வாழும் ஒரு அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் ஆளையே கொல்லும், அரிதுதான், ஆனாலும் எதற்கு. அரை லிட்டருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் இல்லாத உப்பு.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை பஃப். நீல நிறத்தில் வரும் சால்புடமால் மூச்சுக்குழாயை விரிக்கும், உடனே சுகம் தரும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு பஃப். நம் ஆட்கள் ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து அதை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருப்பார்கள், உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் நீலம் மட்டும் வைத்துச் சமாளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்படுகிறதா, வருடத்துக்கு மூன்று டப்பா காலியாகிறதா, அப்படியென்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை.

எடுக்கும் முறை: குலுக்கி, ஸ்பேசர் குழாயில் (பஃப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரே ஒரு அழுத்து, மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து வரை எண்ணிப் பிடித்து, விடுங்கள். அரை நிமிடம் கழித்து அடுத்தது. ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். டப்பாவைக் காரில் விட்டுவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், தெரிந்த பக்கவிளைவுதான். தைலம் தேய்த்து ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், ஆஸ்துமா இழுப்பில் செய்யாதீர்கள், நெடி இழுப்பைக் கூட்டலாம்.

ஊரிலிருந்து மருந்து கொண்டுவந்தால் சீட்டோடு, அசல் அட்டையோடு. கோடீன் கலந்த இருமல் சிரப் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் ஏர்போர்ட்டிலேயே வழக்காகும். "பாட்டில்தானே, ஒண்ணு வாங்கிட்டு வா" என்று நண்பர் கேட்டாலும் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

தூசி நாள் வந்தால்

வானிலை எச்சரிக்கை வந்ததும் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி, காரில் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான். வெளியே போக வேண்டுமென்றால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க். முகத்தில் சுற்றும் துண்டு மணலைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. தாடி அடர்ந்திருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் ஒழுகும். திரும்பி வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுப் படுக்கைக்குப் போங்கள். துணியை அன்றைக்கு வெளியே காயப்போட வேண்டாம். ஸ்டீராய்டு பஃப் எடுப்பவர்கள் அன்றைக்கு ஒரு வேளை கூட விடக் கூடாது, கையில் நீலமும் இருக்கட்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, பஃப் அடித்தும் கொஞ்ச நேரத்தில் திரும்ப இழுக்கிறது என்றால் டாக்சி தேடாதீர்கள். அமீரகத்தில் 998, சவூதியில் 997, குவைத்தில் 112, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, ஓமனில் 9999. ஆளைப் படுக்க வைக்காமல் நேராக உட்கார வைத்து, ஸ்பேசரில் நீலத்தை ஒவ்வொரு அழுத்தாக நான்கு பஃப், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. நாலு நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு நாலு, வண்டி வரும்வரை அப்படியே. போனில் இடம் சொல்லத் திணறுவதுதான் நேரத்தைத் தின்னும். துபாயில் கட்டட வாசலில் ஒட்டியிருக்கும் பத்து இலக்க மக்கானி (Makani) இட எண்ணையும், குவைத்தில் கட்டடத்தின் பாசி (PACI) எண்ணையும் இன்றே எழுதி ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், பஃப் எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் ரூம் நண்பர் ஒருவருக்காவது காட்டி வையுங்கள்.